முகத்தில் கரும்புள்ளியா? எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் குடியுங்கள்!



போன தடவை ரயில்வே டைம்டேபிள், அதற்கு முந்தின தடவை ஃபில்டர் காபி, இந்தத் தடவை தோல்! "இவனுக்கு எதை எழுதணும்னு ஒரு வரைமுறையே கிடையாதா?" என்று வகுப்பில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. என்ன செய்வது, கண்ணில் படுவதைத்தானே எழுத முடியும். கண்ணில் அதிகம் படுவது இப்போது இதுதான். நம்ம வயசில் பத்து பேர் கூடினால் அதில் நாலு பேர் முகத்தில் பரு, நாலு பேர் முகத்தில் பரு போன இடத்தில் கறுப்புத் தடம், மீதி இரண்டு பேர் இந்த எட்டு பேருக்கும் வைத்தியம் சொல்பவர்கள் :-)

அந்த வைத்தியங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "இயற்கை முறையில் கரும்புள்ளி நீங்க" என்று தலைப்புப் போட்டு எலுமிச்சை, தக்காளி, உருளைக்கிழங்கு, சமையல் சோடா என்று பட்டியல் போடுவார்களே, அதேதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்புத் தடம் மறைவதற்கு உண்மையிலேயே ஒரு இயற்கை வழி இருக்கிறது. ஆனால் அது சமையலறையில் இல்லை, நம்ம தோலுக்குள்ளேயே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதன் வழியில் குறுக்கே நிற்காமல் இருப்பது. நாம் செய்வதோ பெரும்பாலும் குறுக்கே நிற்கும் வேலைதான்!

நான் டாக்டர் இல்லை, உயிர்வேதியியல் படிக்கும் மாணவன். அதனால் வைத்தியம் சொல்லப் போவதில்லை. வேதியியல் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், எது கரும்புள்ளி?

தமிழில் ஒரு குழப்பம் இருக்கிறது. மூக்கு ஓரத்தில் எண்ணெய் அடைத்துக் கறுத்து நிற்கிற பிளாக்ஹெட்ஸையும் கரும்புள்ளி என்கிறோம், பரு ஆறின இடத்தில் தங்கிவிடும் கறுப்புத் தடத்தையும் கரும்புள்ளி என்கிறோம். இரண்டும் வேறு வேறு. முதலாவது துளை அடைப்பு. இரண்டாவது நிறமி சேர்ந்தது. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி.

அதிலும் வகைகள் உண்டு. பரு, கொசுக்கடி, சொறிந்த புண், தீக்காயம் ஆகியவை ஆறின பிறகு வரும் தடம் ஒரு வகை. கன்னத்திலும் நெற்றியிலும் பட்டை பட்டையாகப் படரும் மங்கு இன்னொரு வகை. இது பெரும்பாலும் பெண்களுக்கு, குறிப்பாகக் கர்ப்ப காலத்தில் வரும். ஹார்மோன், வெயில், பரம்பரை மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. கழுத்தைச் சுற்றிக் கறுப்பது முற்றிலும் வேறு கதை, அதைக் கடைசியில் சொல்கிறேன். முக்கியமான விஷயமே அதுதான்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. சிவப்பான ஆளுக்கும் கறுப்பான ஆளுக்கும் இவற்றின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் எவ்வளவு, எந்த வகை, எப்படிப் பரவுகிறது என்பதில்தான் வித்தியாசம். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினேஸ் என்ற நொதி படிப்படியாக மெலனினாக மாற்றுகிறது. தயாரான மெலனின் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டப்பட்டுப் பக்கத்துச் செல்களுக்குப் போகிறது. அங்கே அது குடை மாதிரி செல்லின் உட்கருவுக்கு மேலே நின்று புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. ஆக, மெலனின் என்பது அழுக்கு இல்லை, காவல்காரன்!

இந்தக் காவல்காரன் இரண்டு விஷயத்துக்கு உஷாராவான். ஒன்று வெயில். இன்னொன்று அழற்சி, அதாவது பரு, காயம், எரிச்சல், தேய்ப்பு. பரு வந்தால் அந்த இடத்தில் நிறமி உற்பத்தி கூடுகிறது. பரு போய்விடும், நிறமி தங்கிவிடும். நம்ம மாதிரி மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இது அதிகம் வரும், அதிக நாள் இருக்கும்.

இனி நல்ல சேதி. மேல்தோல் நிரந்தரம் இல்லை. அடியில் பிறக்கும் செல் மேலே ஏறி வந்து உதிர்வதற்கு இளம் வயதில் ஏறக்குறைய ஒரு மாதம், வயது ஏற ஏற அதைவிட அதிக நாள் ஆகும். நிறமி மேல்தோலில் மட்டும் இருந்தால் செல்லோடு சேர்ந்து அதுவும் உதிர்ந்துவிடும். பழுப்பு நிறத் தடங்கள் பெரும்பாலும் இந்த வகை. சில மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மங்கிவிடும். நிறமி அதற்கும் கீழே, அடித்தோலுக்குள் சிந்திவிட்டால் கதை நீளும். அங்கே உதிர்வு கிடையாது. அது சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும், போவதற்கு வருஷக்கணக்கில் ஆகலாம்.

நான் சொன்ன இயற்கை வழி இந்த உதிர்வுதான். காசு செலவில்லை, அரைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, புதிதாக நிறமி சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் வாளியில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இன்னொரு பக்கம் குழாயைத் திறந்து விட்டால் தொட்டி எப்படிக் காலியாகும்?

எலுமிச்சை விவகாரம்

இப்போது தலைப்புக்கு வருவோம்.

எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறது, வைட்டமின் சி நிறமியைக் குறைக்கும், ஆகவே எலுமிச்சை நிறமியைக் குறைக்கும். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. 100 மில்லி எலுமிச்சைச் சாறில் வைட்டமின் சி சுமார் 40 முதல் 50 மில்லிகிராம். அதாவது 0.05 சதவீதத்தைத் தாண்டாது. தோலுக்கென்று தயாரிக்கும் சீரங்களில் 10 சதவீதம், அதற்கு மேலும் இருக்கும். இருநூறு மடங்கு வித்தியாசம்! அந்த சீரத்திலேயே வைட்டமின் சி காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப்போகிறது என்று கறுப்பு பாட்டிலில் அடைத்து வைக்கிறார்கள்.

வைட்டமின் சி இல்லாவிட்டால் போகிறது, சிட்ரிக் அமிலம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதுதான் பிரச்சினையே. எலுமிச்சைச் சாறின் பி.ஹெச் சுமார் 2. நம்ம தோலின் பி.ஹெச் சுமார் 5. பி.ஹெச் கணக்கு படித்தவர்களுக்குத் தெரியும், மூன்று படி இறங்கினால் ஆயிரம் மடங்கு. அதைப் பரு உடைந்த இடத்தில் தேய்த்தால் எரியாமல் என்ன செய்யும்? "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று ஒரு பொன்மொழி வேறு உலவுகிறது. எரிச்சல் என்றால் அழற்சி. அழற்சி என்றால் மெலனின். அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம்ம ஊர் எலுமிச்சை உட்பட நாரத்தை வகைப் பழங்களின் தோலிலும் சாறிலும் ஃபியூரானோகூமாரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. இவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து, கொப்பளித்து, அந்த இடம் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். சில வாரம், சில மாதம் போகாது. தோல் மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. கறுப்பைப் போக்கத் தேய்த்தது கறுப்பை உண்டாக்குகிறது!

சோராலன் என்பதும் இதே குடும்பம்தான். நம்ம நாட்டு வைத்தியத்தில் வெண்புள்ளிக்குக் கார்போக அரிசி கொடுப்பார்கள், தெரியுமா? சோராலன் என்ற பெயரே அந்தச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்ததுதான். மருந்தைத் தடவி வெயிலில் நிற்கச் சொல்வார்கள். ஏன்? வெள்ளையான இடம் கறுக்க வேண்டும் என்று! அந்தப் பொருளும் வெயிலும் சேர்ந்தால் தோல் கறுக்கும் என்பது நம்ம முன்னோருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. அதே குடும்பத்துப் பொருளைத் தடவிக்கொண்டு காலை வெயிலில் கல்லூரிக்கு நடந்தால் வெளுக்கும் என்று நாம் நம்புகிறோம். இதை என்ன சொல்வது? கடைகளில் விற்கும் சில குளியல் பொடிகளிலும் கார்போக அரிசி சேர்ப்பதுண்டு. முகத்தில் பேக் போடுவதற்கு முன்னால் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

எலுமிச்சை மேல் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும்? என் யூகம் இது. வெட்டின ஆப்பிள் கறுக்காமல் இருக்க எலுமிச்சை தடவுவோம் இல்லையா? வெட்டின பழத்தைக் கறுக்க வைக்கும் நொதியும் டைரோசினேஸும் ஒன்றுவிட்ட சொந்தம்தான், இரண்டுக்கும் தாமிரம் வேண்டும். பழத்தில் பலிப்பது தோலிலும் பலிக்கும் என்று யாரோ நினைத்திருக்கலாம். ஆனால் வெட்டின பழத்தில் நொதி வெளியே இருக்கிறது, அமிலம் நேராகப் போய்த் தொடுகிறது. தோலில் அது மேல்தோலின் அடி வரிசையில், செல்லுக்குள், ஒரு பைக்குள் இருக்கிறது. நாம் ஆப்பிள் இல்லையே!

மற்ற அயிட்டங்கள்

சமையல் சோடா: எலுமிச்சைக்கு நேர் எதிர், காரம். தோலின் அமிலத்தன்மையைக் கெடுத்து அதன் பாதுகாப்பு அடுக்கைப் பலவீனப்படுத்தும். வேண்டாம்.

டூத்பேஸ்ட்: பரு மேல் வைத்தால் காயும் என்பார்கள். காயத்தான் செய்யும், கூடவே எரிச்சலும் வரும். பல்லுக்கு என்று வாங்கினதைப் பல்லுக்கே வைத்துக்கொள்வோம்.

சர்க்கரை, காபித்தூள், நைலான் நார், பீர்க்கங்காய் நார்: தேய்த்துத் தேய்த்துக் கறுப்பை எடுப்பது. நிறமி மேலே ஒட்டியிருக்கும் அழுக்கு இல்லை, தேய்த்தால் வராது. வருஷக்கணக்கில் நார் போட்டு அழுத்தித் தேய்க்கிறவர்களுக்கு முதுகிலும் தோள்பட்டையிலும் கறுப்பு படரும். தேய்ப்பினாலேயே வரும் கறுப்பு இது.

தக்காளி, உருளைக்கிழங்கு: பெரும்பாலானவர்களுக்குக் கெடுதலும் இல்லை, நல்லதும் இல்லை. சாம்பாரில் போடலாம்.

தயிர், பயத்தம்பருப்பு மாவு: மென்மையாகக் கழுவுவதற்குச் சரி. தயிரில் லாக்டிக் அமிலம் கொஞ்சம் உண்டு. பெரிதாக எதிர்பார்க்காவிட்டால் ஏமாற்றமும் இல்லை.

கற்றாழை: ஈரப்பதத்துக்கும் எரிச்சல் தணியவும் நல்லது. அலோசின் என்ற பொருள் டைரோசினேஸைத் தடுப்பது சோதனைக்கூடத்தில் தெரிந்த விஷயம். ஆனால் மடலை ஒடித்ததும் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட வேண்டும், அது அரிப்பு தரும்.

அதிமதுரம்: பட்டியலில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உள்ள ஆள் இவர்தான். இதில் உள்ள கிளாப்ரிடின் டைரோசினேஸைத் தடுக்கும். தோல் கிரீம்களில் சேர்ப்பதும் அதனால்தான். ஆனால் பிரித்தெடுத்த சாறு வேறு, நாட்டு மருந்துக் கடைப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவது வேறு.

மஞ்சள்: அழற்சியைக் குறைக்கும் தன்மை உண்டு. ஆனால் முகம் பளிச்சென்று தெரிவதற்கு மஞ்சள் சாயமும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம்.

பாருங்கள், நான் இயற்கைக்கு எதிரி இல்லை. கோஜிக் அமிலம் என்று கிரீம்களில் போடுகிறார்களே, அது 1907-ல் ஜப்பானில், சாக்கே காய்ச்ச அரிசியில் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து எடுத்தது. அசெலாயிக் அமிலம் கோதுமையிலும் வாற்கோதுமையிலும் இருக்கிறது. நியாசினமைடு என்பது பி3 வைட்டமினின் ஒரு வடிவம், மெலனின் பொட்டலம் அடுத்த செல்லுக்குப் போவதைக் குறைக்கிறது. எல்லாமே இயற்கையில் உள்ளவைதான். வித்தியாசம் எங்கே என்றால் அளவு தெரியும், தூய்மை தெரியும், எவ்வளவு நாளில் என்ன ஆகும் என்று ஆளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். இயற்கையா செயற்கையா என்பது கேள்வியே இல்லை. அளந்ததா அளக்காததா என்பதுதான் கேள்வி.

"எனக்குப் போச்சே!" என்பவர்களுக்கு

"எங்க அக்கா ரெண்டு மாசம் உருளைக்கிழங்கு தேய்ச்சா, சுத்தமா போயிடுச்சு" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். போயிருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் தேய்க்காவிட்டால் போயிருக்காதா? ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டால் ஏழு நாள், போடாவிட்டால் ஒரு வாரம் என்பார்களே, அந்தக் கதைதான். தோல் தானாக உதிர்த்ததை நாம் உருளைக்கிழங்கின் கணக்கில் வரவு வைக்கிறோம்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். அறிவியல் மாணவர்கள்தானே! எரிச்சல் தராத ஒன்றை, கற்றாழை என்று வைத்துக்கொள்வோம், இடது கன்னத்துத் தடத்துக்கு மட்டும் எட்டு வாரம் பூசுங்கள். வலது கன்னத்தைச் சும்மா விடுங்கள். இரண்டையும் வெயிலிலிருந்து ஒரே மாதிரி காப்பாற்றுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். எது எது என்று சொல்லாமல் நண்பனிடம் காட்டிக் கேளுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும் அது உங்களுடையது, யாரோ சொன்னதில்லை.

இயற்கை என்ற பெயரை விட ஆபத்தானது

இதுவரை சொன்னவற்றால் பெரும்பாலும் எரிச்சலோடு போய்விடும். இனி சொல்வது அப்படி இல்லை.

எலுமிச்சையும் தக்காளியும் பலிக்காமல் போனதும் அடுத்து எங்கே போகிறோம்? மெடிக்கல் ஷாப்புக்கு. எங்க ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் பரு தழும்புக்கு என்று கேட்டதும் கடையில் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டே வாரத்தில் முகம் பளபள! ஹாஸ்டலே வரிசையில் நின்று டியூபின் பெயர் கேட்டது. நாலு மாதம் கழித்து அவர் வெயிலில் ஐந்து நிமிஷம் நின்றால் முகம் தக்காளி மாதிரி சிவந்து எரிந்தது, கன்னத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிந்தன, முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு பரு. கிரீமை நிறுத்தினால் இன்னும் மோசம், போட்டால் கொஞ்சம் அடங்கும். அதாவது தோல் அதற்கு அடிமை ஆகிவிட்டது.

டியூபில் என்ன இருந்தது? ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஸ்டீராய்டு. இந்தக் கூட்டணியின் மூலக் கருத்து 1975-ல் க்ளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் சொன்னது. மங்குக்கு, மருத்துவர் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் போட்டால் அது நல்ல மருந்து. அதையே ஃபேர்னஸ் கிரீம் மாதிரி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். ஹைட்ரோகுவினோனை நீண்ட நாள் அளவு மீறிப் போட்டால் போகவே போகாத நீலக் கறுப்புப் படலம் வரும் என்பதும் 1975-லேயே தென்னாப்பிரிக்காவிலிருந்து பதிவாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் தோலை வெளுக்க வைக்கும் அழகு சாதனங்களில் அதைத் தடை செய்தது. அமெரிக்காவிலும் 2020-லிருந்து மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க முடியாது.

நம்ம நாட்டில்? தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருஷம் போராடி, 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு கிரீம்களை அட்டவணை ஹெச்-க்குள் கொண்டுவந்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, கேட்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான். டியூபின் இடது மேல் மூலையில் ஆர்.எக்ஸ் குறி இருக்கிறதா பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், சீட்டு இல்லாமல் முகத்துக்குப் போகக் கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுகிறவர்கள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாக விடுவிக்க வழி இருக்கிறது.

அடுத்தது பாதரசம். லேபிளே இல்லாத, அல்லது எங்கே தயாரானது என்று தெரியாத வெளுப்பு கிரீம்கள் சிலவற்றில் இருக்கிறது. அதுவும் டைரோசினேஸைத் தடுக்கும், கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2023-ல் இளம் வயதினர் சிலருக்கு ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோய் வந்ததற்கு இப்படிப்பட்ட கிரீம்கள்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். சர்வதேச மருத்துவ இதழிலும் வந்தது. இந்தியாவின் 2020-ம் வருஷத்து அழகு சாதன விதிகளே பாதரசம் சேர்ப்பதைத் தடுக்கின்றன. ஆனால் லேபிள் இல்லாத டப்பாவுக்கு விதி எங்கே தெரியும்? அதில் பல "ஹெர்பல்" என்ற பெயரோடு வருவதுதான் கொடுமை.

அப்போ என்னதான் செய்வது?

1. வெயிலைத் தடுப்பது முதல் மருந்து. வெயில் படுகிற தடத்துக்கு எந்த மருந்தும் முழுசாகப் பலிக்காது. காலை பத்து முதல் மாலை மூன்று வரை நம்ம ஊர் வெயில் கடுமை. குடை பிடியுங்கள். பசங்க குடை பிடித்தால் கேலி செய்வார்கள் என்றால் தொப்பி போடுங்கள். கல்லூரி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி யு.வி.பி-யைப் பெரும்பாலும் தடுக்கும், யு.வி.ஏ உள்ளே வரும். கறுக்க வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

2. முடிந்தவர்கள் சன்ஸ்கிரீன் போடுங்கள். எஸ்.பி.எஃப் 30 என்பது யு.வி.பி-யில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். பட்டாணி அளவு போட்டால் அந்தப் பலன் வராது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் எதிரி. இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் அதற்கு உதவும். தேங்காய் எண்ணெய் சன்ஸ்கிரீனுக்கு மாற்று ஆகாது, பரு உள்ள முகத்தில் பருவைக் கூட்டவும் செய்யலாம்.

3. பருவைக் கிள்ளாதீர்கள். பரீட்சைக்குப் படிக்கும்போது ஒரு கை புத்தகத்திலும் ஒரு கை கன்னத்திலும் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஆழமாகக் கிள்ளினால் நிறமியும் ஆழமாகப் போகும்.

4. பருவுக்கு முதலில் வைத்தியம். பரு வந்துகொண்டே இருக்கும்போது தடத்துக்கு மட்டும் மருந்து தேடுவது ஓட்டைக் கூரையின் கீழ் தரையைத் துடைக்கிற வேலை.

5. மென்மையான சோப்பு, சாதாரண மாய்ஸ்சரைசர், இவ்வளவே போதும். மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்.

6. காசில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் வைத்தியம் கேட்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கழுத்துக் கறுப்பு

முன்னால் கடைசியில் சொல்கிறேன் என்றேனே, இதுதான். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை. "ஒழுங்கா தேய்ச்சுக் குளிடா" என்று வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! பெரும்பாலும் அது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். பின்னால் சர்க்கரை நோய் வரலாம் என்று உடம்பு முன்கூட்டியே எழுதி வைக்கும் நோட்டீஸ். அதன் மேல் எலுமிச்சையும் சர்க்கரையும் தேய்ப்பது நோட்டீஸை அழிக்கப் பார்ப்பது. செய்ய வேண்டியது ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது, எடை கூடியிருந்தால் குறைப்பது. எடை குறைந்து இன்சுலின் சரியானால் கறுப்பும் குறையும்.

அதே மாதிரி விரல் முட்டிகள் புதிதாகக் கறுத்தால் பி12 குறைபாடாக இருக்கலாம், சுத்த சைவக்காரர்கள் கவனிக்கவும். பொட்டு வைக்கும் இடம் கறுத்தாலோ வெளுத்தாலோ குங்குமச் சாயத்தையும் ஸ்டிக்கர் பசையையும் சந்தேகப்படுங்கள். ஒரு மச்சம் வளர்ந்துகொண்டே போனாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தில் புதுக் கறுப்பு வந்தாலோ உடனே டாக்டர். அங்கெல்லாம் சமையலறைக்கு வேலையே இல்லை.

கடைசியாக ஒன்று

தடம் மறைய வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. முகத்தில் ஒரு கறை இருந்தால் உறுத்தத்தான் செய்யும், அதைப் பகட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "தடம் மறைய" என்று ஆரம்பிக்கும் விளம்பரம் எப்போது "கலர் கூட" என்று மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது, 2020-ல் பெயரில் இருந்த ஃபேர் போய் க்ளோ வந்தது. பெயர் மாறினால் போதுமா? கல்யாண விளம்பரத்தில் "சிவப்பான பெண் தேவை" என்று போடுகிற நாம் மாற வேண்டாமா? சென்னையிலிருந்து விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-ல் "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கத்தை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளே இன்றைக்குக் கடைக்குப் போய் கலர் கூட கிரீம் கேட்கிறார்கள்.

தடம் என்பது காயம் ஆறின அடையாளம், காலம் போனால் போகும். நிறம் என்பது நம்ம உடம்பு இந்த வெயிலுக்குப் பிடித்துவைத்த குடை, அதைப் போக்க ஒன்றும் இல்லை, போக்கவும் வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனை எந்த டியூபும் ஏமாற்ற முடியாது.

அதனால் நண்பர்களே, மத்தியான வெயிலில் வகுப்பு முடிந்து வரும்போது எலுமிச்சம்பழம் வாங்குங்கள். ரெண்டு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு டம்ளர் தண்ணீர். நிழலில் உட்கார்ந்து குடியுங்கள். கையைக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள் :-)

உங்கள் வீட்டில் சொல்லும் வைத்தியம் என்ன, அதை யாராவது ஒரு கன்னத்தில் மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.